ஸ்டிக்கர்தானேன்னு சொல்லாதீங்க

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நம்ம ரேஸ் கார் டீமின் பழைய காஸ்ட் ரிப்போர்ட் ஒன்றை மெக்கானிக்கல் பிளாக்கில் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் ஆர்முக்கு நாலு பக்கம் இருக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும், ஒவ்வொரு வாஷருக்கும் தனி வரி இருக்கும். கடைசியில் ‘மிஸ்ஸலேனியஸ், ஃபினிஷ் அண்ட் அசெம்ப்ளி’ என்ற தலைப்பின் கீழ் ‘ஸ்டிக்கர் - 1 செட்’ என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். அந்த வரியை டைப் பண்ணியது நான்தான், செகண்ட் இயரில். “இதுக்கு எத்தனை வரிண்ணா எழுதறது?” என்று கேட்டதற்கு, “ஸ்டிக்கர்தானேடா, ஒண்ணு போட்டு முடி” என்றார் சீனியர். நானும் போட்டு முடித்தேன்.

அந்த ஒரு வரி எங்களை எப்படி வாங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த வருஷம் எங்கள் காருக்கு முடிவு செய்த நிறம் ரேடியம் பச்சை. கண்ணைக் கூசும் அந்த ஃப்ளோரசன்ட் பச்சை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத். வேனில் காரை ஏற்ற எட்டு மணி நேரம் இருக்கும்போதுதான் ஷீட்டைப் பிரித்தோம். பாடி ஃபைபர் கிளாஸ். மோல்டிலிருந்து எடுத்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. துடைக்க ஆல்கஹால் எங்கே என்று தேடினால், கொரோனா காலத்தில் காலேஜ் வாங்கி வைத்த சானிடைசர் அஞ்சு லிட்டர் கேன் ஒன்று லேப் மூலையில் கிடந்தது. “ஆல்கஹால்தானே, ஊத்து” என்று துடைத்து, நாலு பேர் நாலு பக்கம் இழுத்து ஒட்டினோம். விடிகாலை 4 மணிக்குப் பார்க்க அருமையாக இருந்தது. இன்ஸ்டாவில் போட்டோவும் போட்டாச்சு.

மறுநாள் மதியம் கோவை வெயிலில் மூக்குப் பக்கம் ஷீட் அப்பளம் மாதிரி எழும்பியது. மடித்து உள்ளே விட்டிருந்த ஓரமெல்லாம் வெளியே வந்துவிட்டது. டிசைன் ஈவென்ட்டில் ஒரு ஜட்ஜ் குனிந்து அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “ஏன் இந்த ஷீட்?” எங்கள் கேப்டன் டக்கென்று “விசிபிலிட்டி சார்” என்றார். “யாருக்கு?” என்றார் அவர். யாருக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி சானிடைசரை ஊற்றியபோதே அது தப்பு என்று எனக்குத் தெரியும். என் தாய்மாமா தம்மம்பட்டியில் ரேடியம் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட லீவெல்லாம் அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மிஷின் வெட்டித் தந்த ஸ்டிக்கரில் வேண்டாத துண்டுகளை ஊசியால் உரித்து வளர்ந்தவன் நான். சானிடைசரில் கை வறளாமல் இருக்க கிளிசரின் கலப்பார்கள் என்பதும், ஆல்கஹால் பறந்துபோன பிறகு அந்தக் கிளிசரின் அங்கேயே வழவழவென்று நிற்கும் என்பதும் தெரியும். மோல்டிலிருந்து வந்த பாடியில் ரிலீஸ் வேக்ஸ் ஒட்டியிருக்கும் என்பதும் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் “உனக்கு எப்படிடா தெரியும்?” என்று கேட்பார்கள். ஃபர்ஸ்ட் இயர் அறிமுகத்தில் வீட்டைப் பற்றிக் கேட்டபோது “மாமா பிசினஸ்” என்று சொல்லியிருந்தேன்.

சரி, ஜட்ஜ் கேட்ட கேள்விக்கு வருவோம். அதற்கு முன்னால் ‘ரேடியம்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். நம்ம ஊர் ரேடியம் கடையில் ரேடியம் ஒரு துளி கூடக் கிடையாது. 1898-இல் கியூரி தம்பதி கண்டுபிடித்த அந்தத் தனிமத்தைப் பெயிண்டில் கலந்து ஒரு காலத்தில் வாட்ச் முள்ளுக்குப் பூசினார்கள்; இருட்டில் மின்னும். அந்த பெயிண்டைப் பூசிய அமெரிக்கத் தொழிலாளப் பெண்கள் நோயில் விழுந்து செத்தது பெரிய சோகக்கதை. பெயிண்ட் போய்விட்டது, பெயர் மட்டும் நம்ம பஸ் ஸ்டாண்டு கடைகளில் தங்கிவிட்டது. இன்று அந்த ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருள் விற்கிறது. வெளிச்சத்தைச் சேர்த்து வைத்து இருட்டில் மெல்ல விடுவது ஒன்று. லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற, ஹெட்லைட் பட்டால் வந்த வழியே வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிற ரிஃப்ளெக்டிவ் டேப் இன்னொன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104-ஆவது விதி கேட்பது இதைத்தான். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. நாமக்கல் பக்கம் பாடி கட்டி வருகிற ஒவ்வொரு லாரியிலும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதுதான் நம்ம ஃப்ளோரசன்ட்.

இது ராத்திரியில் தானாக ஒளிராது. பலருக்கு இது தெரியாது. சாதாரணப் பச்சை ஷீட் தன் மேல் விழும் வெயிலில் பச்சையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்தை விழுங்கிச் சூடாக்கிவிடும். ஃப்ளோரசன்ட் சாயம் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீலத்தையும் விழுங்கி, அதில் ஒரு பங்கைப் பச்சையாகவே திருப்பிக் கக்குகிறது. அதனால் அந்த ஷீட்டின் மேல் விழுந்த பச்சையைவிட அதிலிருந்து வெளியே வரும் பச்சை அதிகமாக இருக்கும். உள்ளே பல்பு எரிகிற மாதிரி தோன்றுவது அதனால்தான். மேகம் மூடிய நாளிலும், விடியற்காலையிலும், பொழுது சாயும் நேரத்திலும் மற்ற நிறமெல்லாம் மங்கும்போது இது மட்டும் தனியாகத் தெரியும். ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தப் புற ஊதா பெரிதாகக் கிடையாது. அங்கே இதுவும் சாதாரண ஸ்டிக்கர்தான்.

இதன் கதை தொடங்கியது ஒரு மருந்துக் கடையில். 1930-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாப் ஸ்விட்சர் என்ற இளைஞர் வேலையிடத்தில் கீழே விழுந்து அடிபட்டு, பார்வை பாதிக்கப்பட்டு, இருட்டறையில் கிடக்க வேண்டியதாயிற்று. தம்பி ஜோ மேஜிக் ஷோ பைத்தியம். ரெண்டு பேரும் புற ஊதா விளக்கோடு அப்பாவின் மருந்துக் கடைக்குள் போய் எது எது மின்னுகிறது என்று பாட்டில் பாட்டிலாகப் பார்த்தார்கள். மேஜிக்குக்காகக் கலக்கிய பெயிண்ட் பின்னால் ‘டே-குளோ’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் சிக்னல் துணிகளுக்குப் போயிற்று. ரேஸ் காருக்கு வந்தது அதற்கப்புறம். 1968 இண்டியானாபொலிஸ் 500-இல் லோட்டஸ் 56 டர்பைன் கார்கள் அந்தப் பளீர் சிவப்பில் ஓடின. செனாவும் ப்ரோஸ்டும் ஓட்டிய மெக்லாரன் இன்னும் சுவாரசியம். டிவியில் அது மார்ல்போரோ பாக்கெட்டின் சிவப்பு. நேரில் பார்த்தால் ஆரஞ்சு கலந்த ஃப்ளோரசன்ட். டிவி கேமராவில் சிவப்பு சரியாகத் தெரிவதற்காகவே நேரில் வேறு நிறம் பூசினார்கள்! 2009-இல் பெரிய ஸ்பான்சர் இல்லாமல் வந்து சாம்பியன்ஷிப்பையே தூக்கிய பிரான் ஜிபி, வெள்ளைக் காரில் ஃப்ளோரசன்ட் மஞ்சளைப் பட்டையாக மட்டும் போட்டது.

கவனித்தீர்களா? அவர்கள் எல்லோரிடமும் ‘யாருக்கு?’ என்பதற்குப் பதில் இருந்தது. மெக்லாரனுக்கு டிவி பார்ப்பவர். 1960-களின் கடைசியில் போர்ஷே தன் வெள்ளைக் கார்களின் மூக்கில் காருக்கு ஒரு பளிச் நிறம் பூசியதே, அது பிட்டில் நிற்கும் ஆளுக்கு. தூரத்தில் வரும்போதே தன் கார் எது என்று தெரிய வேண்டும்.

நம்ம போட்டியில் யாருக்கு? ஆக்சிலரேஷன், ஸ்கிட்பேட், ஆட்டோகிராஸ் எல்லாம் நேரத்தோடு ஓடுகிற ஓட்டம், பக்கத்தில் முட்டி மோத ஆள் கிடையாது. எண்டியூரன்ஸில் சில கார்கள் ஒன்றாக ஓடும். அங்கும் ஓவர்டேக் குறித்த இடத்தில், மார்ஷல் கொடி காட்டித்தான். ஆயிரம் மதிப்பெண்ணில் அழகுக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆக, மூக்கு நுனியும் பின் விங்கின் ரெண்டு பக்கப் பலகையும் பளிச்சென்று இருந்தால் மார்ஷலுக்கும் போட்டோ எடுப்பவருக்கும் போதும். முழு காரையும் ஃப்ளோரசன்ட்டில் சுற்றுவது தேவையில்லை என்பது என் கட்சி. போன வருஷம் டீம் மீட்டிங்கில் இதைச் சொல்லிப் பாதி பேரிடம் திட்டு வாங்கினேன். “அப்புறம் ரீல்ஸ்ல என்னடா தெரியும்?” என்றான் ஒருத்தன். அதுவும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஸ்பான்சருக்கும் போட்டோ வேண்டும். ஆனால் அதைக் காரணம் என்று எழுதிவிடுவோம். ‘விசிபிலிட்டி’ என்று பொய் சொல்ல வேண்டாம்.

ஏன் முழு காருக்கு வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த ஷீட்டின் குணம் அப்படி. தம்மம்பட்டிக்குப் போய் மாமாவிடம் உட்கார்ந்து கற்றது இது. கோவையில் மானம் போன அடுத்த லீவில், உரிந்து வந்த மூக்கு ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆத்தூரில் பஸ் மாறிப் போனேன். சுவேத நதிக் கரையில், ஒரு பக்கம் கொல்லிமலையும் இன்னொரு பக்கம் பச்சைமலையும் தெரியும் ஊர் அது. மரச் சிற்பத்துக்குப் பேர் போனது. மாமா அதைப் பிரித்து, பசைப் பக்கத்தைக் கட்டை விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். “பசை மேல எண்ணெய் இருக்கு மாப்ள. ஒட்டினவன் யாரு?” என்றார். நான்தான் என்று சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. ஒரு ஃபைபர் துண்டை எடுத்து அதன் மேல் தண்ணீர் தெளித்தார். தாமரை இலை மேல் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. “இப்படி நின்னா வேக்ஸ் இருக்குன்னு அர்த்தம். தண்ணி பாய் விரிச்ச மாதிரி பரவுற வரைக்கும் துடைக்கணும்.” அவ்வளவுதான் டெஸ்ட். நமக்கு சர்ஃபேஸ் எனர்ஜி, கான்டாக்ட் ஆங்கிள் என்று முழு சாப்டரே இருக்கிறது. நானே அதில் பதினாறு மார்க் கேள்வி எழுதியிருக்கிறேன். ரெண்டும் ஒன்றுதான் என்று அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை.

வினைல் ஷீட் தயாரிப்பது ரெண்டு விதம். ஒன்று தோசை மாதிரி: கூழாக ஊற்றி, தானே பரவவிட்டு, சூட்டில் காயவைப்பது. அதுதான் காஸ்ட். இழுத்த இடத்தில் சமர்த்தாக உட்காரும். இன்னொன்று சப்பாத்தி மாதிரி: சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்து மெலிதாக்குவது. காலண்டர்டு என்பது இது. தேய்த்த சப்பாத்தி மெல்லச் சுருங்கி வருமே, அதே மாதிரி இந்த ஷீட்டும் வெயில் பட்டால் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். நம்ம ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஃப்ளோரசன்ட் பெரும்பாலும் சப்பாத்தி வகை. விறைப்பு வேறு. இன்னொரு சிக்கல், அதில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும். கறுப்பு கார்பன் மேல் நேராக ஒட்டினால் பச்சை செத்துப் பாசி நிறமாகிவிடும். அடியில் வெள்ளை வேண்டும். ரெண்டு துண்டு ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடம் கோடு போட்ட மாதிரி தெரியும். இழுத்தால் இழுத்த இடம் வெளுக்கும்.

வெள்ளை வேண்டும் என்றால் எடையும் உண்டு. 100 மைக்ரான் தடிமனுள்ள வினைல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிராம். பசையோடு இன்னும் கொஞ்சம் கூடும். எங்கள் பாடி 4 சதுர மீட்டர். அடியில் வெள்ளை, மேலே பச்சை என்று ரெண்டு அடுக்கு போட்டால் ஒண்ணேகால் கிலோவைத் தொடும். 2022-லும் 2023-லும் ஃபார்முலா ஒன் டீம்கள் எடை குறைக்க பெயிண்டையே சுரண்டி வெறும் கார்பனோடு காரை ஓட்டின. நாங்களோ பிரேக் பெடலில் ஓட்டை போட்டு 40 கிராம் குறைத்துவிட்டோம் என்று பிபிடியில் ஒரு ஸ்லைடே வைத்திருந்தோம்.

ஆயுள் பற்றியும் சொல்லணும். எந்தப் புற ஊதா அந்தச் சாயத்துக்குச் சாப்பாடோ, அதுவேதான் அதைக் கொல்வதும். நல்ல காஸ்ட் ஷீட் வெளியில் பல வருஷம் நிற்கும். ஃப்ளோரசன்ட் நம்ம வெயிலில் மாதக்கணக்கிலேயே வெளுக்கத் தொடங்கும். மேலே புற ஊதாவைத் தடுக்கும் லேமினேஷன் போட்டால் ஆயுள் கூடும், ஆனால் மினுக்கம் குறையும். ஒரு மூலை கிழிந்தால் புதுத் துண்டு ஒட்டிப் பாருங்கள், பழைய சட்டையில் புதுப் பாக்கெட் தைத்த மாதிரி இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக, சமதளமான இடத்தில் மட்டும் போட்டிருந்தால் முழுத் துண்டையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். அரை மணி நேர வேலை.

சமதளம் என்றேனே, அங்கேதான் இது டிசைன் விஷயம் ஆகிறது. எங்கள் மூக்கு பலாப்பழம் மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்தது. சிஎஃப்டியில் அழகாக வந்தது என்று அப்படியே மோல்டு போட்டோம். மாமா அதன் போட்டோவைப் பார்த்துவிட்டு, “ஒரு பந்து மேல பேப்பர் சுத்திப் பாரு மாப்ள. ஒரு மடிப்பை அமுக்கினா இன்னொரு இடத்துல கிளம்பும். இது அந்த ஜாதி வளைவு” என்றார். 1827-இல் காஸ் நிரூபித்த தேற்றம் அது: ரெண்டு பக்கமும் வளைந்த பரப்பை இழுக்காமல், சுருக்காமல் தட்டைத் தாளால் மூட முடியாது. சிலிண்டர், கூம்பு மாதிரி ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் மூடலாம். என் தாத்தா மரச் சிற்பம் செதுக்கியவர். தூங்குவாகைக் கட்டையில் உளியை வைக்கும் முன் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் தடவிப் பார்ப்பாராம். மாமா ஷீட்டை விரிக்கும்போது அதே மாதிரி காரைத் தடவினார். எங்கே இழுக்கலாம், எங்கே இழுத்தால் திரும்பி வரும் என்று கைக்குத் தெரிகிறது.

ஆக, ஃப்ளோரசன்ட் வேண்டுமா, எங்கே வேண்டும் என்பதை மோல்டு போடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தை ஒருபக்க வளைவாக வைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டவே வேண்டாம், சூட்டில் பசை இளகும். கார் நம்பருக்குக் கறுப்பு வெள்ளைதான் என்று ரூல் புக்கிலேயே இருக்கிறது, அதற்கு இடம் விட வேண்டும். வேனில் ஏற்றும் ராத்திரி இதையெல்லாம் யோசிக்க முடியாது. ஒட்டிய பிறகு ஓரங்களுக்கு மறுபடி சூடு காட்டி, ஒரு நாளாவது பசை பிடிக்க விட வேண்டும்.

இதையெல்லாம் ஏற்றுக்கொள்வது சுலபம். எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி வேறு. நம்ம காலேஜில் சுற்றிப் பாருங்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் அப்பா வெல்டிங் அடிக்கிற பையன் உங்கள் கிளாஸில் இருப்பான். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ரிப்பேர் பார்க்கிறவர் மகள் இருப்பாள். தறி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! மெஷின் ஷாப்பில் வெல்டு விரிசல் விட்டபோது, ஏன் விரிசல் விட்டது என்று தெரிந்த ஒருத்தராவது கூட்டத்தில் நின்றிருப்பார்கள், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு. வீட்டுத் தொழிலிலிருந்து தப்பிக்கத்தானே இன்ஜினியரிங் சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றி இங்கே எப்படிப் பேசுவது? ‘ஸ்டிக்கர்தானே’ என்று ஒருத்தர் சொன்னதும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சீனியரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாதவன் நான்தான்.

போன வருஷம் கார் வெறும் வெள்ளையும் கறுப்பும். மூக்கு நுனியிலும் விங் பலகைகளிலும் மட்டும் பச்சை. ஒட்டுவதற்கு டீமில் மூன்று பேர் பாடியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு தம்மம்பட்டிக்கே வந்தார்கள். மாமா, பனியன் துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டை ஆளுக்கு ஒன்று கொடுத்து, “நடுவுல இருந்து வெளியே தள்ளுங்க தம்பி, குறுக்கே போகாதீங்க” என்று வேலை வாங்கினார். கேப்டன் ஒரு துண்டை மூன்று முறை வீணடித்தான். கோவையில் ஒரு ஓரமும் எழும்பவில்லை. பெரிய இடமெல்லாம் வரவில்லை, கியர்பாக்ஸ் காலை வாரிவிட்டது. அது வேறு கதை. காஸ்ட் ரிப்போர்ட்டில் மட்டும் அந்த ஒரு வரி ஒன்றரைப் பக்கம் ஆயிற்று: எந்த ஷீட், எத்தனை சதுர மீட்டர், துடைக்க எத்தனை நிமிஷம், யார் ஒட்டியது. ‘யார்’ என்ற இடத்தில் மாமா பேரைப் போட்டேன். அவரிடம் காட்டியபோது இனிஷியல் தப்பு என்றார்.

இந்த வருஷம் பாடி டீமில் இருக்கும் ஜூனியர்களுக்கு: மோல்டு இன்னும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். நல்லது. டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆத்தூரிலிருந்து பஸ் இருக்கிறது. மதியத்துக்கு மேல் மாமா சும்மாதான் இருப்பார். வரும்போது நீங்கள் பயன்படுத்தும் ரிலீஸ் வேக்ஸ் டப்பாவையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.